சர்க்கரை போடாத பன்றிக்கறி

பெரில் ஸ்கலியிடம் அடி வாங்காதவன் எங்கள் பக்கத்தில் குறைவு. கம்பளிக் கொட்டகையில் சமைக்க வருகிறவளுக்குக் கரண்டி பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, கை ஓங்கவும் தெரிய வேண்டும் என்பது இங்கே பழைய வழக்கம். பண்ணை பண்ணையாகச் சுற்றி ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கூட்டம் அது. காலையிலிருந்து குனிந்தபடி ஆட்டோடு மல்லுக்கட்டி, முதுகு ஒடிந்து வந்து உட்காருகிறவனுக்கு எதைப் போட்டாலும் குற்றம்தான். கறி வேகவில்லை என்பான், ரொட்டி கல்லாக இருக்கிறது என்பான். பெரில் பதில் பேசமாட்டாள். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். அதைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விடுகிறவன் புத்திசாலி. போகாமல் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு மூக்கு இன்றைக்கும் கோணல்.

அந்தக் கை சும்மா வரவில்லை. பெரிலின் அப்பா கசாப்புக்காரர். அவளும் பள்ளிக்கூடத்தை விட்டதும் இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு வெட்டப் போனாள். அங்கேதான் க்ளெம் ஸ்கலி வந்து வாய்த்தான். நல்ல கத்தரிப்புக்காரன், நல்ல பாட்டுக்காரன், வீட்டுக்குள் நுழைந்தால் மிருகம். சோறு பிடிக்கவில்லையென்றால் தட்டு சுவருக்குப் போகும். தட்டு தீர்ந்தால் கை அவள் மேல் வரும். பல வருஷம் வாங்கினாள். ஒருநாள் இரும்பு வாணலியால் அவன் முன்கையில் போட்டாள் ஒரு போடு. எலும்பு முறிந்த சத்தம் தெருவுக்கே கேட்டதாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகும் க்ளெம் திருந்தவில்லை. கட்டுப் பிரித்த கையோடு மறுபடி ஓங்கினான். அப்போது அவர்களுடைய மகன் டார்சிக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. அப்பனை அடுப்பு மேலேயே சாய்த்து, கழுத்தில் கத்தியை வைத்துவிட்டான்.

"இன்னொரு தடவை அம்மா மேல கை பட்டுச்சு, ஆட்டை உரிக்கிற மாதிரி உரிச்சுத் தொங்கவிட்டுருவேன்."

அதோடு அந்த வீட்டில் அடி நின்றது. பிறகு க்ளெமுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. கால் விரல், பாதம், முழங்கால் என்று தவணை தவணையாக வெட்டிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். பெரில் அழவில்லை என்று ஊர் பேசியது. ஏன் அழ வேண்டும்?

அழ வேண்டிய காரியம் பின்னால் வந்தது. டார்சிக்கும் அதே வியாதி.

டார்சி ஸ்கலி முப்பது தாண்டியவன், மேஸ்திரி லெஸ்ஸின் கூட்டத்தில் முதல் ஆள். மற்றவன் ஒரு ஆட்டை முடிப்பதற்குள் அவன் அடுத்த ஆட்டின் பாதியில் இருப்பான். அப்பனின் வேகமும் அவனுக்கு வந்திருந்தது, அப்பனின் கோபமும் வந்திருந்தது. மதுக்கடையில் அடிதடி, கொட்டகையில் அடிதடி, நாய் குறுக்கே வந்தால் நாயோடும் அடிதடி. ஆனால் அம்மாவிடம் மட்டும் குரல் உயரும், கை உயராது. மாதா கோயிலுக்குப் போகாத அவனுக்கு மதம் என்று ஒன்று இருந்ததென்றால் அதுதான். அம்மா மேல் ஒருத்தன் கை படக்கூடாது.

இந்த வருஷம் கத்தரிப்புத் தொடங்குமுன் அவனுடைய இடது கால் சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. டவுனில் நர்ஸம்மா பெரிலைத் தனியே கூப்பிட்டுப் பேசினாள்.

"இனிப்பையும் மாவையும் குறைக்கலேன்னா விரலோட நிக்காது, பாதம் போயிரும். ஊசியும் சாப்பாட்டுக்குத் தகுந்தாப்புல போடணும். தொப்பலா வேர்த்து, கண்டபடி பேசினா சர்க்கரை ஒரேடியா இறங்கிருச்சுன்னு அர்த்தம். அப்ப உடனே இனிப்புக் குடுக்கணும். கேக்கறீங்களா?"

பெரில் கேட்டாள். முதல் வரியைக் கேட்டாள். பாதம் போய்விடும் என்ற இடத்திலேயே அவள் மனசு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. ஒரு பாதம் இல்லாத கத்தரிப்புக்காரன் என்ன செய்வான்? ஆட்டை முழங்காலால் பிடித்து, பாதத்தால் திருப்பி அல்லவா வேலை நடக்கிறது? க்ளெம் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலை வெறித்ததை அவள் பார்த்திருக்கிறாள். அந்த நாற்காலியில் மகனை உட்கார விடமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

கொட்டகைச் சமையலில் கேக், பிஸ்கட், பாகு, எல்லாவற்றையும் அவன் கண்ணில் படாமல் செய்ய அவளால் முடிந்தது. முடியாதது புதன்கிழமை. புதன்கிழமை லெஸ் டீசலுக்கும் கத்தரிப்பு மெஷினின் வெட்டுப்பற்களுக்கும் டவுனுக்குப் போவான். திரும்பும்போது சூசி ஃபுங்கின் சீனக்கடையிலிருந்து கூட்டத்துக்கு மத்தியானச் சாப்பாடு வரும். ஆளுக்கு ஆள் பிடித்தது வேறு வேறு. டார்சிக்கு இனிப்புப் புளிப்புப் பன்றிக்கறி. மாவில் முக்கி எண்ணெயில் பொரித்த கறி, மேலே செக்கச் சிவந்த சர்க்கரைப் பாகு, அடியில் சோறு. மூன்று டப்பா. ஒரு பருக்கை மிஞ்சாது.

பெரில் சூசியின் கடைக்கே போய் நின்றாள். சூசி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சிவப்புக் குழம்புல எவ்வளவு சர்க்கரை போடற?"

"கேக்காதீங்கக்கா. கேட்டா வாந்தி வரும்."

"நீங்க வீட்டுல இதைத் தின்பீங்களா?"

"நாங்களா!" சூசி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அது வெங்காயத்தால் மட்டும் அல்ல. "எங்க வீட்டுக்காரர் அதைப் பார்த்தாலே ஓடுவாரு. இது உங்காளுகளுக்காக ஆக்கறது. உங்க நாக்கைக் கெடுத்தது என் மாமனார். அவரு போயிட்டாரு, பாவத்த நான் சுமக்கறேன்."

சிரித்து முடித்துவிட்டுச் சூசி ஒழுங்காகவே சொல்லிக் கொடுத்தாள். கொழுப்பில்லாத தொடைக்கறியாகப் பார். மாவு வேண்டாம், முட்டை வெள்ளையில் புரட்டி அடுப்புக்குள் வைத்துச் சுடு. குழம்புக்குக் காடி, இஞ்சி, தக்காளி, துளி சோயா. நிறத்துக்கு பீட்ரூட் சாறு. அன்னாசி டப்பாவில் வருவது வேண்டாம், அது பாகில் ஊறியது, முழுப் பழமாக வாங்கிக் கொஞ்சம் போடு. குடைமிளகாயைக் கடைசியில் போடு, கடித்தால் கடக்கென்று இருக்க வேண்டும்.

முதல் தடவை பெரில் ஒளிக்கவில்லை. தட்டில் வைத்து, இது நான் செய்தது, உன் காலுக்காகச் செய்தது என்று சொன்னாள். டார்சி ஒரு வாய் வைத்தான். கொட்டகை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹேமி, நியூசிலாந்திலிருந்து வந்த மாவோரி இனத்துப் பையன், மலை மாதிரி உடம்பு, வாய் சும்மா இருக்காது.

"என்ன மாப்ள, ஆஸ்பத்திரிச் சாப்பாடா? பெட்பேன் எப்ப வரும்?"

தட்டு சுவருக்குப் போனது. அது உடைந்த சத்தம் அடங்குமுன் டார்சியின் முட்டி ஹேமியின் தாடையில் இறங்கியது. பெஞ்சு கவிழ்ந்தது, இருவரும் வெளியே புழுதியில் உருண்டார்கள், கால் மணி நேரத்தில் இருவருக்கும் உதடு கிழிந்து, சிரித்துக்கொண்டே உள்ளே வந்து தேநீர் கேட்டார்கள். அவர்களுக்குள் அதெல்லாம் சாதாரணம். பெரில்தான் சுவரைப் பார்த்தபடி நின்றாள். சிவப்புக் குழம்பு கீழே வழிந்துகொண்டிருந்தது. க்ளெம் போன பிறகு அவள் வீட்டில் எந்தச் சுவரிலும் சோறு வழிந்ததில்லை. அப்பனின் கால்தான் இவனுக்கு வருகிறதென்று பயந்தால், கையும் கூடவே வருகிறதே!

சொல்லிக் கொடுத்தால் தின்னமாட்டான், சொல்லாமல் கொடுத்தால் தின்பான் என்று கணக்குப் போட்டாள். பிள்ளை பெற்ற எவளும் போடுகிற கணக்கு அது. சூசியிடம் மூன்று காலி டப்பா வாங்கி வரச்சொல்லி லெஸ்ஸிடம் சொன்னாள்.

லெஸ் தலையைச் சொறிந்தான். "அவனுக்குத் தெரிஞ்சா என்னைய அடிப்பான்கா."

"தெரியலேன்னா உயிரோட இருப்பான். தெரிஞ்சு அவன் அடிச்சா நீ திருப்பி அடி. மீசை எதுக்கு வச்சிருக்க?"

அடுத்த புதன்கிழமை பெரில் விடியலில் எழுந்து செய்த சமையல், சத்தியமாகச் சொல்கிறேன், சூசி கடையில் கிடைக்காது. முட்டை வெள்ளையும் மிளகும் பூசிய கறி பொன்னிறமாக முறுகியது. குழம்பில் மருந்துக்கடையில் விற்கிற போலிச் சர்க்கரைப் பொடியைப் போட்டாள். தித்திப்பு இருக்கும், உடம்பில் ஏறாது. சோறுதான் பெரிய தந்திரம். காலிஃபிளவரைத் துருவி ஆவியில் வேகவைத்து டப்பாவை நிரப்பி, மேலே மட்டும் கண்துடைப்புக்கு ஒரு பிடி சோறு. எல்லாவற்றின் மேலும் குழம்பு. மூடியில் சூசி கடையில் சாப்பிடத் தருகிற குச்சி இரண்டு. மற்றவர்களுக்கு அசல் கடைச் சாப்பாடு, டார்சிக்கு மட்டும் அம்மா சாப்பாடு.

மத்தியான மணி அடித்தது. டார்சி கை கழுவிவிட்டு, சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டான். பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசி. பின்பக்கத்தைத் திருகினால் மருந்து கூடும். மற்ற நாளில் கொஞ்சம் திருகுவான், புதன்கிழமை கடகடவென்று திருகுவான், மூன்று டப்பா சீனிப்பாகுக்கு ஈடு கட்ட. பெரில் எதிரிலேயே நின்று பார்த்தாள். திருகுகிற சத்தம் அவள் காதில் விழுந்தது. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆட்டுக்குப் பூச்சி மருந்து கொடுப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். மருந்தென்றால் தலைக்கு ஒரு அளவு. ஆடு புல் மேய்ந்ததா, தானியம் தின்றதா என்று எவன் கேட்கிறான்? எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

டார்சி மூன்று டப்பாவையும் வழித்துத் தின்றான்.

"இதுதாம்மா சாப்பாடு. பாத்தியா? சூசிகிட்டப் போயிக் கத்துக்க. நீ போன வாரம் போட்டது என்ன, மாட்டுக்கு வைக்கிற தவிடு."

"சரிடா. கத்துக்கறேன்" என்றாள் பெரில். லெஸ் இருமிக்கொண்டே வெளியே போனான். அன்றைக்கு மத்தியானம் பாத்திரம் தேய்க்கும்போது அவள் பாடினாள். அவள் பாடி யாரும் கேட்டதில்லை.

கொட்டகையில் வேலை மறுபடி தொடங்கியது. வெளியே தகரம் கொதித்தது, உள்ளே இரைச்சல். டார்சி வழக்கம்போல் முன்னால் போனான். ஒவ்வொரு ஆடும் அவன் உடம்பிலிருந்த சர்க்கரையைக் கரைத்தது. கரைவதற்கு அங்கே ஏற்கெனவே ஒன்றும் இல்லை. வயிற்றில் இருந்தது காலிஃபிளவர், இரத்தத்தில் ஓடியது மூன்று டப்பாவுக்கான மருந்து.

முதலில் ஆட்டின் தோலைக் கிழித்தான். டார்சி ஆட்டைக் கிழித்து யாரும் பார்த்ததில்லை. அடுத்த ஆட்டுக்கு மடியில் வெட்டு. பக்கத்து இடத்திலிருந்து ஹேமி எட்டிப் பார்த்தான்.

"என்ன மாப்ள, கம்பளி எடுக்கறியா, கறி போடறியா?"

டார்சி நிமிர்ந்தான். முகம் வெளுத்து, வேர்வை தாடையிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. ஆட்டை உதறிவிட்டு, கையில் ஓடிக்கொண்டிருந்த கத்தரிப்பு மெஷினோடு ஹேமி மேல் பாய்ந்தான். ஹேமி குறுக்கே கையைக் கொடுத்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சதை விரிந்தது. இரத்தம் வெள்ளைக் கம்பளி மேல் தெறித்தது. ஹேமி ஒரு கணம் தன் கையைப் பார்த்தான், பிறகு அந்தக் கையாலேயே டார்சியின் விலாவில் குத்தினான். லெஸ் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினான். நிறுத்திவிட்டு, வட்டத்தில் ஒரு ஆளாக நின்றுகொண்டான். எங்கள் கொட்டகைகளில் சண்டையை விலக்குகிறவனுக்கு மரியாதை கிடையாது. இரண்டில் ஒருத்தன் விழும் வரை பார்க்க வேண்டியதுதான்.

நாலு மணித் தேநீருக்கு முந்தியே, மற்றவர்களுக்கான அப்பமும் பாகு டின்னும் கூடையில் எடுத்துக்கொண்டு பெரில் படியேறி வந்தாள். அவளும் நின்று பார்த்தாள். உண்மையைச் சொன்னால், அவள் விலக்க நினைக்கவில்லை. ஹேமியின் வாய்க்கு இரண்டு வாங்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

டார்சி அடித்த அடி வழக்கமான அடி இல்லை. கண் ஹேமியைப் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. காற்றில் குத்தினான், தூணில் குத்தினான், முட்டி தோலுரிந்தும் நிற்கவில்லை. ஹேமி அடிப்பதை நிறுத்திவிட்டுப் பின்வாங்கினான்.

"டேய், குடிச்சிருக்கியாடா?"

"அம்மாவை விடு" என்றான் டார்சி. நாக்கு குழறியது. "க்ளெம், அம்மாவை விடு. உரிச்சுருவேன். அம்மாவை விடுடா."

யாரோ சிரித்தார்கள். பெரிலின் கையிலிருந்து கூடை விழுந்தது. தொப்பலாக வேர்த்து, கண்டபடி பேசினால். காற்றோடு போன நர்ஸம்மாவின் சொல் எங்கிருந்தோ திரும்பி வந்து அவள் நெஞ்சில் குத்தியது. மூன்று டப்பாவும், கடகடவென்று திருகின அந்த ஊசியும் ஒன்றாகச் சேர்ந்து அவளுக்கு விளங்கின. நான் அல்லவா என் பிள்ளையைக் கொன்றுகொண்டிருக்கிறேன்!

பாகு டின்னைப் பிடுங்கிக்கொண்டு வட்டத்துக்குள் ஓடினாள். "டார்சி! அம்மாடா! வாயத் தொற!"

அவன் திரும்பினான். யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. உடம்பில் மிச்சமிருந்த அத்தனை பலமும் திரண்டு வந்த குத்து அது, நேராக வாயில். பெரிலின் உதடு பிளந்து, முன்பல் இரண்டு போயிற்று. அவள் விழவில்லை. க்ளெமிடம் வாங்கிப் பழகிய உடம்பு, விழாமல் நிற்கக் கற்றிருந்தது. இரத்தத்தைத் துப்பிவிட்டு அவன் காலைத் தட்டிவிட்டாள். விழுந்தவனை, கத்தரிக்க ஆட்டை உட்கார வைப்பதுபோல, முதுகு தன் வயிற்றில் சாய, தன் இரு முழங்காலுக்குள் இறுக்கினாள்.

"காலைப் பிடிங்கடா! வேடிக்கையா பாக்கறீங்க? சாகறான்டா என் புள்ள!"

முதலில் பாய்ந்து வந்து காலைப் பிடித்தவன் ஹேமிதான், கையிலிருந்து இரத்தம் கொட்டக் கொட்ட. லெஸ் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஓடினான். டார்சி முழங்கையால் அவள் விலாவை இடித்தான், தலையைப் பின்னால் மோதி அவள் மூக்கை உடைத்தான். பல்லைக் கிட்டித்துக்கொண்டு திறக்கவில்லை. மருந்து குடிக்காத ஆட்டுக்கு வாயோரம் பல்லில்லாத இடத்தில் கட்டைவிரலை விடுவார்கள். மனுஷனுக்கு அந்த இடத்திலும் பல் இருக்கிறது. பெரில் அங்கேயே தன் விரலை நுழைத்தாள். அவன் எலும்பு வரை கடித்தான். அவள் விரலை எடுக்கவில்லை. கடித்த வாயின் இடுக்கில் மறுகையால் பாகை அள்ளி ஈறில் தேய்த்தாள், கன்னத்துக்குள் அப்பினாள். "முழுங்குடா. சாமி, முழுங்கு. கொன்னுருவேன், முழுங்குடா." கெஞ்சலும் வசவுமாக, பாகும் இரத்தமுமாக, டின் பாதி காலியாகும் வரை அப்பினாள்.

மெல்லக் கடி தளர்ந்தது. முறுக்கிய உடம்பு துவண்டது. தொண்டை ஏறி இறங்கியது, ஒருமுறை, இன்னொரு முறை. பெரில் அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கண்ணில் வெளிச்சம் வந்ததும் டார்சி முதலில் பார்த்தது மேலே குனிந்திருந்த அம்மா முகம். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, வாய் கிழிந்து, தாடையெல்லாம் இரத்தம். அவன் முகம் மாறியது. எழ முயன்றான், கால் நிற்கவில்லை. அப்படியும் முழங்காலில் நிமிர்ந்தான்.

"யாரு? அம்மா, யாரு உன்னைத் தொட்டது? சொல்லு. எவன்டா? எவன்டா அது? இன்னிக்கு அவன் பொணம்தான்டா இங்கேருந்து போகும்!"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஹேமி தன் கையைச் சாக்கால் சுற்றிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தான்.

"நான்தான் மாப்ள. சண்டையில ஆன்ட்டி குறுக்க வந்துட்டாங்க. தெரியாமப் பட்டுருச்சு. என்னைய என்ன வேணா செய்."

நல்ல பிள்ளை. அந்தப் பொய்யை அவன் டார்சிக்குப் பரிசாகவே கொடுத்தான். பெரில் அதை வாங்கிக்கொண்டிருந்தால் அவள் பிள்ளை ஆயுசுக்கும் நிம்மதியாக இருந்திருப்பான். ஆனால் அன்றைக்கு ஒரு பொய் செய்த வேலையே அவளுக்குப் போதும்.

"ஹேமி இல்லடா" என்றாள். பல் போன இடத்தில் சொல் ஒழுகியது. "நீதான். உனக்கு நினைவு இல்ல. டப்பாவுல இருந்தது சூசி சாப்பாடு இல்ல, என் சாப்பாடு. சர்க்கரையும் இல்ல, சோறும் இல்ல. உங்கிட்டச் சொல்லாமப் போட்டேன். நீ மூணு டப்பாவுக்கு ஊசி குத்தினே. உன்னைய சாகடிக்கப் பாத்தது நான். அதுல நீ என்னைய அடிச்சே. அவ்வளவுதான்."

டார்சி அவளையே பார்த்தான். பிறகு தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். நடுவிரல் முட்டியில் அவள் பல்லின் துணுக்கு ஒன்று குத்தி நின்றது. அவன் அழுது ஒருநாளும் பார்த்திராத அந்தக் கொட்டகைக் கூட்டத்தின் நடுவில் குழந்தை மாதிரி ஏங்கினான்.

"அப்பா கைம்மா இது. பாரு. அதே கை."

பெரில் அந்தக் கையைத் தன் மடியில் இழுத்து வைத்து, கடிபட்ட விரலாலேயே பல் துணுக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

"இல்லடா. அந்த மனுஷன் என் மூஞ்சியப் பாத்து யாரு அடிச்சதுன்னு ஒருநாளும் கேட்டதில்ல."